எல்லைப்புறக் கிராமங்கள்: ஈழப்போரின் ஒரு பகுதியும் நம் சபைகளின் நினைவும்

நாசரேத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுபவர் ஒருநாள் நடைக்குள் கடலைக் காண்பர். அக்கடலின் மறுகரையிலுள்ள இலங்கை நம் முன்னோர்க்கு அயல்நாடாகத் தோன்றியதில்லை. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன. இக்கரையில் முத்துக்குளித்தோர் சலாபக் காலங்களில் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் மூழ்கினர். பனைத்தொழிலால் பிழைக்க இயலாத குடும்பங்கள் பஞ்ச காலங்களில் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றன. 1854-ஆம் ஆண்டில் அத்தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டபோது, முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே அனுப்பப்பட்டனர். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, யாழ்ப்பாணமும் அதன் திருமண்டலங்களுள் ஒன்றாய் அமைந்தது. ஆகவே இலங்கை உள்நாட்டுப் போரைப்பற்றி எழுதும்போது நாம் அயலார் செய்தியை எழுதுவதில்லை. நம் திருச்சபையின் எல்லைக்குள் நடந்ததையே எழுதுகிறோம்.

1983 ஜூலைத் திங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. வெலிக்கடைச் சிறையினுள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அன்று தொடங்கி 1987 வரை 1,30,000-க்கும் மேற்பட்டோர் அகதிகளாய்த் தமிழ்நாட்டுக் கரையை அடைந்தனர். நம் சபைகள் அரிசியும் துணியும் காணிக்கையும் திரட்டின. ஞாயிறு ஆராதனையில் ஈழத் தமிழருக்காக மன்றாடாத சபை அக்காலத்தில் அரிது. அம்மன்றாட்டு நேர்மையானது, அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. எனினும் அம்மன்றாட்டில் இடம்பெறாதவர் சிலர் உண்டு. அவர்கள், தமிழரின் பெயரால் போரிட்டவர்களால் இரவு வேளைகளில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட சிங்களக் குடியானவர்களும் முஸ்லிம் குடியானவர்களும் ஆவர். இக்கட்டுரை அவர்களைப்பற்றியது.

முதலில் ஒரு நிலத்தின் வரலாற்றைக் கூறுதல் தகும். வவுனியாவிற்கும் முல்லைத்தீவிற்கும் இடைப்பட்ட காட்டுப்பகுதியில் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்னும் இரு பண்ணைகள் இருந்தன. அவை தமிழ் வணிகர் குத்தகைக்குப் பெற்றவை. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைக் காந்தியம் என்னும் அமைப்பு அங்குக் குடியமர்த்தியது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராசசுந்தரம் ஆகிய இருவரும் அவ்வமைப்பின் தூண்கள். அக்குடும்பங்கள் யாவர்? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பகிரப்பட்டவர்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன் புறப்பட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராசசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். ஜூலை 27-ஆம் நாள் வெலிக்கடையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். 1984-ஆம் ஆண்டில் அரசு அவ்விரு பண்ணைகளிலிருந்தும் மலையகக் குடும்பங்களை வெளியேற்றியது. வெறுமையான அந்நிலத்தில் திறந்தவெளிச் சிறைத்திட்டம் என்ற பெயரில் சிங்களக் கைதிகளும் அவர்களுடைய மனைவி மக்களும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். வட மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் இணைக்கும் நிலத்தொடர்ச்சியை அறுப்பதே இத்திட்டத்தின் நோக்கம் என்று தமிழர் கருதினர், அக்கருத்து ஆதாரமற்றதன்று. 1949-இல் கல்லோயாவில் தொடங்கிய அரசுக் குடியேற்றங்கள் கிழக்கின் மக்கள்தொகையை எங்ஙனம் மாற்றின என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

1984 நவம்பர் 30-ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் அவ்விரு பண்ணைகளையும் தாக்கினர். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். மறுநாள் கொக்கிளாய், நாயாறு ஆகிய கடற்கரைகளில் வாழ்ந்த சிங்கள மீனவக் குடும்பங்கள் தாக்கப்பட்டன. அங்குப் பருவந்தோறும் வந்து வலைவீசிய மீனவரின் சொந்த ஊர்கள் மேற்குக் கரையிலுள்ள நீர்கொழும்பும் சிலாபமும் ஆகும். அக்கரையின் மீனவருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நம் முத்துக்கரைப் பரதவரைப் போன்றே அந்தோனியாரையும் அன்னம்மாளையும் கூப்பிட்டுக் கடலிறங்குகிறவர்கள்.

அதுவரை போராளி இயக்கங்களின் இலக்குகள் படையினர், காவலர், அரசுசார் அரசியல்வாதிகள், காட்டிக்கொடுப்போர் எனக் கருதப்பட்டோர் ஆகியோராய் இருந்தன. அன்றிரவு சிங்களக் குடியானவர் முதன்முறையாகத் திரளாகக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்கள் அந்நிலத்தைத் தாமே தெரிந்துகொண்டவர்கள் அல்லர். சிறைக்கைதிக்கு எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? அரசு அவர்களை எல்லைக்கல்லாக நட்டது. போராளிகள் அக்கல்லைப் பிடுங்கி எறிந்தனர். இரு தரப்பினருக்கும் அவர்கள் மனிதராய்த் தோன்றவில்லை என்பதே என் துணிபு. அரசின் குடியேற்றக் கொள்கை அநீதியானது என்பதால் குடியேற்றப்பட்ட குழந்தையின் கொலை நியாயமாகிவிடாது. காரணம் கூறுதல் வேறு, நியாயம் கூறுதல் வேறு. வரலாறு கற்போர் இவ்விரண்டையும் குழப்புதல் ஆகாது.

பண்ணைகளுக்கு அடுத்திருந்த தமிழ்க் கிராமங்கள் இதற்கு விலை கொடுத்தன. சில நாட்களுக்குள் ஒதியமலையில் ஆண்கள் திரட்டப்பட்டு, ஏறத்தாழ முப்பதுபேர் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ்க் குடிகள் வெளியேற்றப்பட்டனர். டிசம்பர் 4-ஆம் நாள், கண்ணிவெடியொன்றில் படைவீரர் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்கலாக, மன்னார்ச் சாலை நெடுகிலும் படையினர் பொதுமக்களைச் சுட்டுத்தள்ளினர். அம்மாதம் 13-ஆம் நாள் முருங்கனில் மெதடிஸ்த குருவானவர் ஜெயராஜசிங்கம் படையினரால் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6-ஆம் நாள் வங்காலையில் கத்தோலிக்கக் குருவானவர் மேரி பஸ்தியன் தம் இல்லத்திலேயே சுடப்பட்டார். இவ்விருவருடைய பெயர்களும் நம் திருச்சபை ஏடுகளில் தக்க மதிப்புடன் இடம்பெற்றன. அவர்களைப்பற்றி எழுதிய நாம், அதே பருவத்தில் சில மைல் தொலைவில் இறந்த கைதிகளின் குழந்தைகளைப்பற்றி எழுதவில்லை.

1985 மே 14-ஆம் நாள் அநுராதபுரத்தில், பேருந்து நிலையத்திலும் புனித வெள்ளரசு மரத்தின் அருகிலும் 146 பேர் கொல்லப்பட்டனர். வல்வெட்டித்துறையில் படையினர் சில நாட்களுக்குமுன் செய்த கொலைகளுக்கு மறுமொழி என்று அது விளக்கப்பட்டது. மறுநாளே நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகிலிருந்த தமிழ்ப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இங்ஙனம் ஒவ்வொரு கொலையும் முன்னதன் மறுமொழியாயிற்று. இவ்வரிசையில் எது முதலாவது என்று தேடுகிறவர் 1956-க்கும், அதற்கும் முன்னுமாகப் பின்னோக்கிச் சென்றுகொண்டேயிருப்பார்.

நிற்க. இனி நான் எழுதப்போவது என்னைப்பற்றியது. வரலாற்றுக் கட்டுரையில் ஆசிரியன் தன்னை நுழைத்தல் முறையன்று எனினும் இவ்விடத்தில் அதைத் தவிர்க்க இயலவில்லை. 1987-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நான் இளம் உதவிக் குருவாய் இருந்தேன். மும்மணி ஆராதனையில் முதலாம் வார்த்தையைத் தியானிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. மன்னிப்பைக் குறித்து நான் பேசியதைச் சபையார் பாராட்டினர். அதே நாளில் ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட சாலையில், அலுத்ஓயா என்னுமிடத்தருகே, பேருந்துகளும் லாரிகளும் நிறுத்தப்பட்டன. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பலர் அவற்றில் இருந்தனர். விடுப்பிலிருந்த படையினர் சிலரும் இருந்தனர். மற்றோர் பெண்களும் பிள்ளைகளும் உள்ளிட்ட பொதுமக்கள். அவர்கள்மீது சுட்டனர். இறந்தோர் தொகை 127 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

இலங்கை வானொலி நம் கரையில் நன்றாகவே கேட்கும். சனிக்கிழமை செய்தியை நான் கேட்டேன். ஞாயிறன்று உயிர்த்தெழுதலின் ஆராதனைக்குரிய பொது மன்றாட்டை எழுதியவனும் நானே. வழக்கம்போல ஈழத்தில் துன்புறும் தமிழ் மக்களுக்காக ஒரு வாக்கியம் எழுதினேன். அலுத்ஓயாவைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. எவரும் என்னைத் தடுத்ததாகக் கூற இயலாது. ஒருவரும் அதைப்பற்றிப் பேசவேயில்லை. நம் பையன்கள் செய்திருக்கமாட்டார்கள் என்று ஒருபுறமும், செய்திருந்தால் காரணம் இருக்கும் என்று மறுபுறமும் என் மனம் சொல்லிற்று. இவ்விரு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பவை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

சிங்களவர் கொலையைக் குறித்துப் பேசும்போது, குடியேற்றம் என்ற அரசியற் காரணத்தையாவது சுட்டலாம். முஸ்லிம்களின் காரியம் அங்ஙனமன்று. அவர்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். பல நூற்றாண்டுகளாக அவ்வூர்களின் குடிகள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரவு, மட்டக்களப்புக்கு அருகிலுள்ள காத்தான்குடியில் மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள்மீது துப்பாக்கிகளாலும் கைக்குண்டுகளாலும் தாக்குதல் நடந்தது. 147 பேர் மாண்டனர். சிறுவரும் அவர்களுள் உண்டு. ஒன்பது நாட்களுக்குள் ஏறாவூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 100-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வீடு வீடாகக் கொல்லப்பட்டனர். புலிகள் இயக்கம் இவற்றைத் தான் செய்யவில்லை என மறுத்தது; உயிர் தப்பியோர் சாட்சியமும் மனித உரிமை அமைப்புகளின் பதிவுகளும் அம்மறுப்பை ஏற்கவில்லை. ஏறாவூர்க் கொலைகளை அடுத்து வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 9-ஆம் நாள் சத்துருக்கொண்டானில் படையினரால் 180-க்கும் மேற்பட்ட தமிழ்க் கிராமத்தார் கொல்லப்பட்டனர். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம்.

அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் ஆணையிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேறினர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். நகையும் பணமும் சோதனைச் சாவடிகளில் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாய்க்குமேல் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக்குச் சென்றனர். புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் இரண்டு தலைமுறைகளாய் வாழ்ந்தனர். காயல்பட்டினத்தினின்றும் கீழக்கரையினின்றும் சென்ற முத்துவணிகர் எந்தக் கடலில் தொழில் செய்தனரோ, அதே மன்னார்க் குடாவில் அவ்வகதிப் படகுகள் சென்றன. நம் மாவட்டத்தில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் நெடுங்கால உறவு உண்டு. ஆயினும் காயல்பட்டினத்தாரிடம் சென்று அவ்வாண்டில் ஒருவார்த்தை துக்கம் விசாரித்த குருமார் எத்தனைபேர் இருந்திருப்போம்?

2002 ஏப்ரலில், போர்நிறுத்தக் காலத்தில், புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம் செய்தியாளர் முன்னிலையில் இவ்வெளியேற்றத்திற்கு வருத்தம் தெரிவித்தார். காத்தான்குடிக்கு அங்ஙனம் நேரான பொறுப்பேற்பு வரவேயில்லை. மீரா ஜும்மா பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் பூசி மறைக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

1999 செப்டம்பர் 18-ஆம் நாள் அம்பாறை மாவட்டத்துக் கோணகலவில் 50-க்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்தார் இரவில் வெட்டிக் கொல்லப்பட்டனர். மூன்று நாட்களுக்குமுன் புதுக்குடியிருப்பில் விமானக் குண்டுவீச்சில் தமிழ்ப் பொதுமக்கள் மாண்டிருந்தனர். 2006 ஜூன் 15-ஆம் நாள் கெப்பிட்டிகொல்லாவையில் ஒரு பேருந்து கண்ணிவெடியில் சிக்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, அதன் இறுதி மாதங்களில் பல்லாயிரக்கணக்கான தமிழ்ப் பொதுமக்கள் அழிந்திருந்தனர். அவ்வழிவின் பெரும்பங்கு அரசுப்படைகளின் எறிகணைகளால் நேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. தப்பியோட முயன்ற தம் மக்களையே புலிகள் சுட்டனர் என்பதும் அதே அறிக்கையில் உள்ளது.

இக்காரியங்களைக் கூறுபவரிடம் இரு மறுப்புகள் எழுப்பப்படுகின்றன. அரசு செய்தது மிகுதி; சிறியதையும் பெரியதையும் ஒரே தராசில் இடலாகாது என்பது முதலாவது. இம்மறுப்பில் உண்மை உண்டு. இப்போரில் கொல்லப்பட்ட பொதுமக்களுள் தமிழரே மிகப்பலர்; கொன்ற கரங்களுள் அரசின் கரமே பெரிது. நான் தராசு எதையும் தூக்கவில்லை. ஆனால் காத்தான்குடியில் மகனை இழந்த தாயிடம் சென்று, சத்துருக்கொண்டானில் இறந்தோர் இன்னும் அதிகம் என்று சொல்லத் துணிபவர் நம்முள் எவரும் இருக்கமாட்டார். இரண்டாவது மறுப்பு, பகைவர்க்கு நாமே சான்று கொடுக்கலாமா என்பது. இதற்குத் தீர்க்கதரிசி ஆமோசின் நூலில் முதலிரு அதிகாரங்களை மாணவர் மீண்டும் வாசித்துப் பார்க்க வேண்டும். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று தீர்க்கதரிசி ஊர்களின் குற்றங்களை வரிசையாய்ச் சொல்லும்போது கேட்டிருந்தோர் தலையசைத்திருப்பர். யூதாவும் இஸ்ரவேலும் அவ்வரிசையில் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. விளக்கவுரையாளர் இதை நன்கு எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்கள் குறைவாகக் கவனிக்கும் இரு குறிப்புகள் உண்டு. அம்மோனின் குற்றமாகச் சொல்லப்படுவது தன் எல்லையை விரிவாக்கக் கிலேயாத்தின் கர்ப்பிணிகளைக் கொன்றது. அதுவும் ஓர் எல்லைப்புறக் கிராமத்தின் கதையே. மோவாபின் குற்றமோ ஏதோமின் அரசனுக்கு இழைக்கப்பட்டது. ஏதோம் இஸ்ரவேலின் பகைவன். சற்றுமுன்னே அவனும் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவன். பகைவனுக்கு இழைத்த கொடுமையும் கர்த்தருடைய கணக்கில் எழுதப்படுகிறது.

அன்று தமிழரிடையே பேசியவர்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் ஆசிரியை ராஜனி திரணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறீதரன் ஆகியோருடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ என்னும் நூலை எழுதினார். இலங்கைப்படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்தின் செயல்களையும் அந்நூல் ஒரே அளவுகோலால் ஆராய்ந்தது. 1989 செப்டம்பர் 21-ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர் புலிகளே என்பது அவருடைய தோழர்களின் முடிபு. எஞ்சிய ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறித் தம் பணியைத் தொடர்ந்தனர். காத்தான்குடியையும் ஏறாவூரையும் குறித்து இன்று நாம் அறிந்தவற்றுள் மிகுதியும் தமிழரான அவர்கள் எழுதிவைத்ததேயாகும். தூத்துக்குடியிலும் நாசரேத்திலும் பாதுகாப்பாய் இருந்த நமக்கு அத்தகைய அபாயம் ஒன்றும் இருக்கவில்லை.

நம் திருமண்டலத்தின் முதற் கிறிஸ்தவக் கிராமமாகிய முதலூர், வீடு இழந்தவர்களுக்காக அமைந்த ஊர். 1799-இல், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டில், துன்புறுத்தப்பட்ட புதுக்கிறிஸ்தவர்க்குப் புகலிடமாகத் தாவீது சுந்தரானந்தம் அவ்வூரை நிறுவினார். பாளையக்காரர் போரைப்பற்றி நம் பிள்ளைகள் கோட்டைகளின் பெயரையும் தளபதிகளின் பெயரையும் கற்கின்றனர். அப்போரின் நடுவே குடிசை எரிந்து ஓடியவர்களின் கதை சபைப் பாட்டிமார் வாயில்தான் பிழைத்தது. ஈழப்போரின் வரலாறும் நம்மிடையே தளபதிகளின் வரலாறாகவே கற்கப்படுகிறது.

ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்லி நிறுத்துகிறேன். பொலன்னறுவை மாவட்டத்தில் அழிஞ்சிப்பொத்தானை என்பது முஸ்லிம் கிராமம். கறப்பொலை, முத்துக்கல் என்பவை அதற்கு அண்மையிலுள்ள தமிழ்க் கிராமங்கள். வயலும் குளமும் அவர்களுக்கு அடுத்தடுத்து இருந்தன. 1992 ஏப்ரல் 29-ஆம் நாள் பின்னிரவில் புலிகள் அழிஞ்சிப்பொத்தானையில் புகுந்து 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். பொழுது விடிந்தபின், அரசு துப்பாக்கி கொடுத்திருந்த ஊர்க்காவற்படையினர் கறப்பொலைக்கும் முத்துக்கல்லுக்கும் சென்று 50-க்கும் மேற்பட்ட தமிழரைக் கொன்றனர். கொன்றவர் சிலரைக் கொல்லப்பட்டவர் முகமறிந்திருந்தனர். அக்டோபர் 15-ஆம் நாள் அதே மாவட்டத்துப் பள்ளியகொடெல்லவிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களும் சிங்களவருமாக 100-க்கும் மேற்பட்டோர் மீண்டும் புலிகளால் கொல்லப்பட்டனர். இவ்வூர்களின் பெயர்கள் தமிழ்நாட்டுச் சபையேடு எதிலும் அக்காலத்தில் என் கண்ணிற் படவில்லை. இவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டை எழுதும்படி ஓய்வுபெற்ற என்னிடம் ஒரு சபையார் கேட்டபோது, அழிஞ்சிப்பொத்தானை, கறப்பொலை, முத்துக்கல் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். அலுத்ஓயாவை அதற்கு முன் எழுதினேன். வாசித்த இளம் குருவானவர் அவை எந்நாட்டு ஊர்கள் என்று என்னைக் கேட்டார்.